இதயத்தின் சுமையை இரத்தம் சொல்லும்

வீட்டுப் பெரியவர் மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்குகிறார். மாலையில் கால் வீங்குகிறது. இரவில் மூன்று தலையணை கேட்கிறார். ‘வயதாகிவிட்டது’ என்று இதனை ஒதுக்கிவிடும் வழக்கம் மேலப்பாளையம், பேட்டை, ஏர்வாடி என எங்கும் உண்டு. பின்னர் மருத்துவர் ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்றதும் வீடே கலங்கிவிடுகிறது. இதயம் நின்றுவிட்டது என்பதன்று அதன் பொருள். உடலுக்கு வேண்டிய இரத்தத்தைத் தள்ள இயலாமல் இதயம் திணறுகிறது என்பதே.

அத்திணறலை அளந்து காட்டும் பொருள் ‘பி.என்.பி.’ 1988இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதனை விலங்கின் மூளையில் கண்டறிந்ததால் பெயரில் மூளை ஒட்டிக்கொண்டது. மிகுதியாகச் சுரப்பதோ இதயம்தான். பாபநாசம் அணையில் நீர் ஏறினால் மதகைத் திறப்பார்களல்லவா? அதுபோல, சுமை மிகுந்து இதயச் சுவர் விரியும்போது இப்பொருள் சுரந்து, உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றத் தூண்டுகிறது. இதனோடு பிரிந்து வரும் ‘என்.டி. புரோ பி.என்.பி.’யையும் சோதனைக்கூடங்களில் அளக்கிறார்கள். திடீர் மூச்சுத்திணறலோடு வந்தவருக்கு இது மில்லி லிட்டருக்கு 300 பிக்கோகிராமுக்குக் குறைவாயின், காரணம் பெரும்பாலும் வேறு.

முதுமை, சிறுநீரகக் கோளாறு, சீரற்ற நாடித்துடிப்பு ஆகியவை இந்த எண்ணை உயர்த்தும், உடற்பருமன் தாழ்த்தும். ஆகவே அண்டை வீட்டார் சீட்டோடு ஒப்பிடுவது வீண். ஒருவருடைய பழைய அளவையும் புதிய அளவையும் ஒப்பிடுவதே பயன்தரும். மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்குள் 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் அது நல்ல அறிகுறி. குறையாமல் நிற்பதும், இதயத்தசை சிதைவதைக் காட்டும் ‘ட்ரோபோனின்’ உடன் உயர்ந்திருப்பதும் ஆபத்தின் அடையாளங்கள். ‘சக்யூபிட்ரில்’ கலந்த மாத்திரை உண்போருக்குப் பி.என்.பி. தானாகவே ஏறும், அவர்களுக்கு என்.டி. புரோ சோதனையே ஏற்றது.

‘இனி எத்தனை மாதம்?’ என்று அந்தச் சீட்டை நீட்டிக் கேட்போர் உளர். அந்த எண் ஆயிரக்கணக்கானோரின் கணக்கிலிருந்து பிறந்தது. உங்கள் வாப்பாவின் அஜல் அதில் எழுதப்படவில்லை.

நம் பொதிகை மலைக்கு அப்பால், திருவனந்தபுரம் மாவட்டத்தில், 2013இல் இந்நோயால் மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது 61தான். ஓராண்டுக்குள் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் இறந்தனர். இதயத்தின் சுருங்கும் ஆற்றல் குறைந்தவர்களுள், உரிய மருந்துகள் அனைத்தும் பெற்று வீடு திரும்பியவர் நால்வரில் ஒருவரே! எண்ணைக் கண்டு அஞ்சுவதைவிட இதற்கன்றோ நாம் அஞ்ச வேண்டும்?

மூச்சு சற்று இலகுவானதும் மாத்திரையை நிறுத்துவோர் நம்மில் பலர். ரமலானில் வேளையைத் தாமே மாற்றிக்கொள்வோரும் உண்டு. நோன்பு நோற்கலாமா, மாத்திரையை எப்போது உண்பது என்பதைப் பிறை பார்க்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டறியுங்கள். சோதனைச் சீட்டுகளைத் தேதிவாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பார்த்து எழுதி வாருங்கள். மூன்றே நாளில் இரண்டு கிலோ ஏறினால், அது சதையன்று, தேங்கிய நீர். அடுத்த சோதனைத் தேதிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.