கோடையில் மாடு ஏன் சினை பிடிப்பதில்லை?

மே, ஜூன் மாதங்களில் அரியானா, ராஜஸ்தான் பகுதிகளில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். அனல் காற்று வீசும். அதை அங்கே 'லூ' என்பார்கள்.

கொட்டகையில் கலப்பினப் பசு வாயைத் திறந்து மூச்சு இரைக்கிறது. தீனி எடுப்பதில்லை. பால் குறைகிறது. சினை ஊசி போட்டாலும், மூன்று வாரத்தில் மறுபடியும் பருவத்துக்கு வந்துவிடுகிறது. அடுத்த கன்று தள்ளிப் போகிறது. கையில் காசு இல்லை. 'மலட்டு மாடு' என்று சிலர் பாதி விலைக்கு விற்றுவிடுகிறார்கள். பாவம், மாடு மலடு அல்ல. வெயில்தான் காரணம்.

மாட்டின் உடல் சூடு சாதாரணமாக 101, 102 டிகிரி பாரன்ஹீட் இருக்கும். அது ஏறினால் கருவுக்கு ஆபத்து. முதல் சில நாள் கரு மிகவும் மென்மையானது. சூடு தாங்காமல் அழிந்துவிடும்.

பிழைத்த கருவுக்கும் ஒரு சோதனை உண்டு. பதினாறாம் நாள் வாக்கில், தான் இருப்பதைக் கரு தாய்க்கு உணர்த்த வேண்டும். நலிந்த கருவால் அது முடியாது. உடனே கருப்பை 'புரோஸ்டாகிளாண்டின்' என்ற பொருளைச் சுரக்கும். சினை நிற்காது.

வலியும் வீக்கமும் குறைய மாட்டுக்குப் போடும் மருந்துகள் இந்தச் சுரப்பைக் குறைக்கும். அப்படியானால் அவை சினையைக் காக்குமா? ஆராய்ச்சியாளர்கள் போட்டுப் பார்த்தார்கள். சில ஆய்வுகளில் பலன் தெரிந்தது. சிலவற்றில் தெரியவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. கருமுட்டை வெளிவரவும் அதே பொருள்தான் வேண்டும். பருவ நேரத்தில் அந்த மருந்தைப் போட்டால் முட்டை வெளிவராமலே போகலாம். ஆகவே கடையில் வாங்கித் தாமே போடக்கூடாது. கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த வகை மருந்துகளில் ஒன்று டைக்ளோபினாக். அதைப் போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளும் செத்தன. 2006-இல் அரசு அதை மாடுகளுக்குத் தடை செய்தது. கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் இரண்டும் 2023-இல் தடையாயின.

மருந்தைவிட முதலில் வேண்டியது நிழலும் தண்ணீரும். உயரமான கூரை நல்லது. தொட்டியில் எப்போதும் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும். உடம்பில் தண்ணீர் தெளித்தால் காற்றும் பட வேண்டும். காற்றில்லாத கொட்டகையில் தெளித்தால் புழுக்கம்தான் கூடும். தீவனத்தை விடியற்காலையிலும் இரவிலும் வைக்கலாம்.

கோடையில் பருவ அறிகுறி சில மணி நேரமே இருக்கும். பெரும்பாலும் இரவில் தெரியும். படுக்கப் போகும் முன் ஒருமுறை, விடியும் முன் ஒருமுறை மாட்டைப் பாருங்கள். கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகுகிறதா? காலையில் கண்டால் அன்று மாலை சினை ஊசி போடலாம். மாலையில் கண்டால் மறுநாள் காலையில் போடலாம்.