உங்களுக்குத் தெரியுமா? – மலையடிவாரத்து வைஃபை

◆ போடிமெட்டு ஏறினால் இடுக்கி, இறங்கினால் போடிநாயக்கனூர். அந்தப் போடியிலிருந்தபடியே நோயாளிகள் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டரிடம் வீடியோவில் பேசி, மருந்துச் சீட்டு வாங்கியது 2000-களிலேயே நடந்தது. போடி, ஆண்டிப்பட்டி, சின்னமனூர், பெரியகுளம் உட்பட ஐந்து பார்வை மையங்களைத் தேனியோடு இணைத்தது கம்பி அல்ல, வைஃபை! ஒரு கிலோமீட்டர் முதல் 15 கிலோமீட்டர் வரை நீண்ட ஒன்பது இணைப்புகள். புதிதாக டவர் கட்டும் செலவைக் குறைக்க, ஒரு துணி மில்லின் புகைபோக்கியில்கூட ஆன்டெனா கட்டினார்கள்.

◆ சாதாரண வைஃபை 15 கிலோமீட்டரில் ஏன் திணறுகிறது தெரியுமா? ஒரு பொட்டலம் தகவலை அனுப்பியதும், "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்காக ரூட்டர் சில பத்து மைக்ரோநொடிகள்தான் காத்திருக்கும். 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப அலைக்கு 100 மைக்ரோநொடி ஆகிறது. பதில் வழியில் இருக்கும்போதே, தொலைந்துவிட்டதாக நினைத்து ரூட்டர் மறுபடியும் அனுப்பும். வீட்டுக்குள் பயன்படுத்த வகுத்த விதி மலைக்கு ஒத்துவரவில்லை.

◆ அதற்கு கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்ட வழி 'வைல்ட்நெட்' (2007). கடையில் கிடைக்கும் மலிவான பொதுத்தர வைஃபை கார்டையே எடுத்துக்கொண்டு, மென்பொருளை மட்டும் மாற்றினார்கள். இரு முனைகளும் முறைவைத்துப் பேசின. வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு கூடியது. வன்பொருள் பொதுத்தரம், பேசும் முறை மட்டும் தனி. இந்தக் கலவைதான் புத்திசாலித்தனம் என்பேன்.

◆ எல்லாத் தனி நுட்பமும் அப்படி அல்ல. 2003-இல் வந்த 802.11ஜி தரத்தின் உச்சவேகம் 54 மெகாபிட். அத்தெரோஸ் கம்பெனியின் 'சூப்பர் ஜி' நுட்பம் கொண்ட பெட்டிகளில் 108 என்று அச்சிட்டு விற்றார்கள். ரூட்டர், கார்டு இரண்டிலும் அந்த நுட்பம் இருந்தால்தான் அந்த வேகம். இரண்டு சேனல்களைச் சேர்த்துப் பிடிப்பதால், ஒன்றோடொன்று மோதாத மூன்றே சேனல்கள் உள்ள 2.4 கிகாஹெர்ட்ஸில் பக்கத்து வீட்டுக்காரர் பாடு திண்டாட்டம்.

◆ நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு வெளியிடத்திலும் லைசென்ஸ் வேண்டாம் என்றானது 2005-இல். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதி வெளியிடப் பயன்பாட்டுக்கு 2018-இல்தான் திறந்தது.

◆ 2015 ஜனவரி 12: தேசிய கண்ணாடியிழை வலையமைப்பில் நாட்டிலேயே முதலில் இணைந்த மாவட்டம் இடுக்கி! இழை வருவது பஞ்சாயத்து வரை. அங்கிருந்து எஸ்டேட் பங்களாவுக்கோ, மேட்டிலிருக்கும் தொழிலாளர் லயத்துக்கோ இன்றும் பல இடங்களில் ரேடியோதான் கைகொடுக்கும்.

◆ தேனி இணைப்புகளை அதிகம் படுத்தியது தூரம் அல்ல, மின்சாரம்! வோல்டேஜ் ஏறி இறங்கியதில் போர்டுகள் கருகின, ரூட்டரின் மெமரி கார்டுகள் கெட்டன. நல்ல ஸ்டெபிலைசர், இடிதாங்கி, எர்த்திங் மூன்றுக்கும் முதலில் காசு ஒதுக்குங்கள்.

◆ யுபிக்விட்டியின் 'ஏர்மேக்ஸ்', மைக்ரோடிக்கின் 'என்வி2' இரண்டும் முறைவைத்துப் பேசும் தனி நுட்பங்களே. ஆனால் ஒன்றோடு ஒன்று பேசாது. இரு முனையும் உங்களுடையது என்றால் தாராளமாக வாங்கலாம், கூடவே உபரியாக ஒரு பெட்டியும். விருந்தினர் போன் இணைய வேண்டிய இடத்தில் பொதுத்தரம் மட்டுமே. வாங்குமுன் கடைக்காரரிடம் கேளுங்கள்: "தனி முறையை அணைத்துவிட்டு, சாதா வைஃபையாக ஓட்ட முடியுமா?"