தேர் ஓடும் வீதியில் வளர்ந்த வணிகம்

டி. கல்லுப்பட்டியில் மளிகை, ஜவுளி, பாத்திரம் என்று எந்தக் கடை வைத்திருப்பவரானாலும் அவருக்கு ஊர் இரண்டு. ஒன்று கடை இருக்கும் ஊர். மற்றொன்று சரக்கு எடுக்கும் ஊர். பருப்பு, எண்ணெய், மிளகாய் வத்தலுக்கு விருதுநகர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்றாலும், மற்ற எல்லாவற்றுக்கும் நம் பகுதி வணிகப் பெருமக்கள் தலைமுறை தலைமுறையாகத் திருமங்கலம் வழியாக மதுரைக்குத்தான் பஸ் ஏறியிருக்கிறார்கள். ஆயினும், நாம் இத்தனை ஆண்டுகளாகச் சரக்கு எடுக்கும் அந்த வீதிகள் எப்படி உண்டாயின, யார் வகுத்தார்கள் என்று கேட்டால் நம்மில் பலருக்கும் பதில் தெரிவதில்லை. வெளியூர்க்காரர் கோயிலைப் பார்க்க வருகிறார். நாம் சிட்டையைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்துவிடுகிறோம்.

மதுரைக்குக் கடைவீதி புதிதல்ல. சங்க நூலான மதுரைக்காஞ்சி இந்நகரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும், அதாவது பகல் சந்தையையும் இரவுச் சந்தையையும் தனித்தனியே வருணிக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் சிலம்பை விற்கப் போவதற்கு முன்னால் ஊர் சுற்றிப் பார்க்கிறான். மணிகள் விற்கும் வீதி, பொன் விற்கும் வீதி, துணி வீதி, தானிய வீதி எல்லாம் அவன் கண்ணில் படுகின்றன. ஒரு சரக்குக்கு ஒரு வீதி என்ற ஏற்பாடு அப்போதே இருந்திருக்கிறது. இன்றும் கீழமாசி வீதி என்றால் மளிகை, தெற்கு ஆவணி மூல வீதி என்றால் நகை, விளக்குத்தூண் பக்கம் என்றால் ஜவுளி, வெண்கலக் கடைத் தெரு என்றால் பாத்திரம். கோவலனுக்கு என்ன நேர்ந்தது என்பது ஊரறிந்த கதை. கையில் பில் இல்லாமல் நகை விற்கப் போனவனின் கதை என்று நம் நகைக்கடை நண்பர்கள் வேடிக்கையாகச் சொன்னால் அதில் தவறில்லை.

இன்று நாம் காணும் வீதி அமைப்பு நாயக்கர் காலத்தது. 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் நகரைத் திருத்தி வகுத்தார் என்பது மரபு. நடுவில் மீனாட்சியம்மன் கோயில். மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கும் அப்பால் மாசி வீதி. வீதிகளின் பெயரெல்லாம் மாதங்களின் பெயர். சுவாமி புறப்பாட்டை ஒட்டி வந்தவை. தேர் ஓடுவது மாசி வீதியில். முன்பு மாசி மாதம் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பர். மாதம் மாறினாலும் வீதியின் பெயர் மாறவில்லை. தேரும் அதே வீதியில்தான் இன்றும் வலம் வருகிறது.

இதை நாம் வலியுறுத்தக் காரணம் உண்டு. கடைக்காரன் கேட்டு அந்த வீதிக்கு அகலம் வரவில்லை; தேர் போகவும் மூலையில் திரும்பவும் வேண்டிய அகலம் அது. தேர் நிலைக்கு வந்த பிறகு மீதி நாளெல்லாம் அந்த அகலம் மாட்டு வண்டிக்கும், பின்னர் லாரிக்கும் பயன்பட்டது. மூட்டைச் சரக்கு மாசி வீதியில் தங்கியதும், கையில் அடங்கும் நகையும் வளையலும் கோயிலை ஒட்டிய ஆவணி மூல வீதிக்கும் சந்துகளுக்கும் போனதும் நியாயமே.

கோட்டை இடிந்தது, கடை பெருகியது

1840கள் வரை மாசி வீதிக்கு வெளியே கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. ஊர் பெருக இடமில்லை. அப்போது கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், சுவரை இடித்து அகழியைத் தூர்க்க முடிவு செய்தார். அரசுப் பணத்தில் அல்ல. இடித்துத் தூர்ப்பவருக்கே அந்த நிலம் என்று அறிவித்து மக்களைக் கொண்டே வேலையை முடித்தார். வெளி வீதிகள் அப்படி உண்டானவை. அளவைப் பணி பார்த்த மாரட் பெயரில் மாரட் வீதியும், வேலையை நடத்திய பெருமாள் மேஸ்திரி பெயரில் ஒரு வீதியும் இருக்கின்றன. மேஸ்திரி பெயரில் கடைவீதி அமைந்த ஊர்கள் அதிகம் இரா. கலெக்டருக்கு நன்றியாக ஊர் மக்கள் நிறுத்திய விளக்குக் கம்பம்தான் விளக்குத்தூண். ஜவுளி எடுக்கப் போகிற நாம் அதை அடையாளத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

1870களில் ரயில் வந்தது. நிலையத்துக்கும் மேலக் கோபுரத்துக்கும் இடையே டவுன் ஹால் ரோடு வளர்ந்தது. தூத்துக்குடித் துறைமுகச் சரக்கு ரயிலில் வரத் தொடங்கியது. 1892இல் ஹார்வி சகோதரர்களின் மதுரை மில் வந்தது. அரண்மனையைச் சுற்றிக் குடியிருந்த சௌராஷ்டிர நெசவாளர்களின் சுங்குடிச் சேலை, மில் துணியோடு போட்டியிட்டும் சாகவில்லை. 2005இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 1924இல் மதுரையில் தோன்றிய வர்த்தக சங்கம்தான் பின்னர் தமிழ்நாடு தொழில் வர்த்தகச் சங்கமாக வளர்ந்தது. நம் திருமங்கலத்துக்கும் இதில் பங்குண்டு. 19ஆம் நூற்றாண்டில் தெற்கத்திச் சரக்கு வண்டிகள் தங்குவதற்கு நாடார் வணிகர்கள் அமைத்த பேட்டைகளில் திருமங்கலமும் ஒன்று. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்துப் பொதுக் காரியம் செய்த பழக்கம் அந்தப் பேட்டைகளில் வளர்ந்ததே.

மேலமாசி வீதியில் ஒரு மாடி வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1921 செப்டம்பரில் காந்தியடிகள் அங்கே ராம்ஜி கல்யாண்ஜி என்ற குஜராத்தி வணிகர் இல்லத்தில் தங்கினார். கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொன்னதைக் கேட்டுவந்தவர், 22ஆம் தேதி காலை அந்த வீட்டிலிருந்து முழங்கால் அளவு வேட்டியோடு வெளியே வந்தார். பிற்காலத்தில் அந்த இடத்திலேயே கதர் விற்பனை நிலையம் அமைந்தது. வாடிக்கையாளரின் வாங்கும் சக்தியைப் பற்றிப் பேசாத வணிகன் இல்லை. அதற்காகத் தன் உடையையே மாற்றியவர் ஒருவர்தான்.

பிளாரன்ஸ் நகரத்தின் பொற்கொல்லர் பாலம்

வெளிநாட்டுக் கடைவீதி ஒன்றையும் இங்கே ஒப்பிடலாம். இத்தாலியில் பிளாரன்ஸ் என்ற பழைய நகரத்தில் ஆர்னோ ஆற்றின் குறுக்கே போன்டே வெக்கியோ என்ற பாலம் இருக்கிறது. 1345இல் கட்டியது. பாலத்தின் இருபுறமும் கடைகள். ஆதியில் அங்கே இருந்தவை பெரும்பாலும் இறைச்சிக் கடைகள். கழிவை ஆற்றில் தள்ளுவது அவர்களுக்கு வசதி. 1565இல் நாட்டை ஆண்ட பிரபு அரண்மனைக்குப் போய்வரப் பாலத்தின் மேலேயே ஒரு மாடி நடைபாதை கட்டிக்கொண்டார். கீழிருந்து நாற்றம் மேலே வந்தது. 1593இல் பெர்டினாண்டோ பிரபு இறைச்சிக் கடைகளைக் காலி செய்யச் சொல்லி, அந்த இடத்தைப் பொற்கொல்லர்களுக்கும் நகைக்காரர்களுக்கும் கொடுத்தார். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக இன்றும் அது நகைக்கடைப் பாலம்தான். 1966 நவம்பரில் ஆர்னோ பெருகிக் கடைகளுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்த பிறகும் அவர்கள் அந்த இடத்தை விடவில்லை.

அதே ஊரின் டோர்னபுவோனி வீதி பிரபுக்களின் மாளிகை வீதி. இப்போது உலகின் விலையுயர்ந்த உடை, தோல் சாமான், செருப்புக் கடைகள் அங்கே இருக்கின்றன. நேப்பிள்ஸ் அருகே ஏழைக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்கா சென்று செருப்பு தைத்துப் பிழைத்த பெர்ரகாமோ, 1927இல் பிளாரன்ஸ் திரும்பி, 1938இல் அந்த வீதியின் பழைய மாளிகை ஒன்றையே விலைக்கு வாங்கினார். இன்றும் அந்த நிறுவனம் அதே கட்டடத்தில் இருக்கிறது.

பாலத்தில் நடந்ததையும் மாளிகையில் நடந்ததையும் நாம் ஒன்றாக எண்ணக் கூடாது. பாலத்துக் கசாப்புக்காரர் போவதும் பொற்கொல்லர் வருவதும் ஆட்சியாளரின் ஓர் உத்தரவில் முடிந்துவிட்டன. மாளிகையை வாங்கிய செருப்பு வணிகருக்கோ இடம் சொந்தம். நம் கடைவீதிகளில் பெரும்பாலோர் முதல் வகை.

புதுமண்டபத்தை விட்டுப் போனவர்கள்

இதற்கு மதுரையிலேயே அண்மைச் சான்று புதுமண்டபம். திருமலை நாயக்கர் (1623–1659) கீழக் கோபுரத்துக்கு எதிரே வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம் அது. விசுவநாதர் முதல் திருமலை வரை நாயக்க மன்னர் பத்துப் பேரின் சிலைகள் தூண்களில் உள்ளன. அந்தத் தூண்களுக்கு நடுவே கடைகள் வந்து, பல தலைமுறைகளுக்கு அது கடைவீதியாகவே இருந்தது. ஒரு பக்கம் தையற்காரர் வரிசை, ஒரு பக்கம் புத்தகக் கடை, பஞ்சாங்கம், வளையல், பாசி, குங்குமம், பித்தளைச் சாமான். துணியைக் கொடுத்துவிட்டு அம்மனைக் கும்பிட்டுத் திரும்பினால் பாவாடை தயாராக இருக்கும். அழகர் ஆற்றில் இறங்கும் விழாவுக்குத் திரி எடுப்பவர்கள், தண்ணீர் பீய்ச்சுபவர்கள் அணியும் உடையும், சுவாமிக்குச் சாத்தும் வஸ்திரமும், தேருக்குக் கட்டும் தொம்பையும் அங்கே தைத்தவை. தைத்தவர்களில் முஸ்லிம் தையற்காரர்கள் பலர். நம் பகுதியிலிருந்து முத்தாலம்மன் பொங்கலுக்கும் சப்பரத்துக்கும் வேண்டிய அலங்காரத் துணி வாங்கப் போனவர்களுக்கு இதெல்லாம் நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு, கோயிலின் கிழக்குப் பகுதியில் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்துக் கடைகள் எரிந்தன. மண்டபமும் பலத்த சேதமடைந்தது. அதன்பின் கோயிலுக்குள் கடை கூடாது என்ற கருத்து வலுப்பட்டது. புதுமண்டபக் கடைகளுக்கும் அதுவே முடிவாயிற்று. அருகில் மாநகராட்சி புதிதாகக் கட்டிய குன்னத்தூர் சத்திரம் வணிக வளாகத்துக்கு அவர்கள் மாற்றப்பட்டனர்.

கல்மண்டபம் காலி செய்யப்பட வேண்டியது நியாயமே என்பது நம் கருத்து. சிற்பத்தூணில் ஆணி அடித்துத் துணி தொங்கவிட்டதை எவரும் ஆதரிக்க மாட்டார்கள். ஆனால் வணிகத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். கடையைத் தூக்கி வைத்துவிடலாம். வாடிக்கையாளரின் காலடியைத் தூக்கி வைக்க முடியாது. கோபுர வாசலிலிருந்து வெளியே வந்தவர் நேரே நடந்து புகுந்த இடம் புதுமண்டபம். இப்போது அவர் விசாரித்துக்கொண்டு, திரும்பி, மாடி ஏறிப் போக வேண்டும். பிளாரன்ஸ் பொற்கொல்லருக்கு உத்தரவால் கிடைத்தது நடமாட்டமுள்ள பாலம். நம் தையற்காரருக்குக் கிடைத்தது அறை எண். இடமாற்றம் செய்கிற அதிகாரிகள் சதுர அடியைக் கணக்கிடுகிறார்கள். வழியில் நடந்து போகும் ஜனத்தை யாரும் கணக்கிடுவதில்லை.

நகைக்கடை வீதி வேறு விதமான அடிகளைத் தாங்கியிருக்கிறது. 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதி, 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது என்றது. நாடெங்கும் பொற்கொல்லர்கள் பிழைப்பிழந்தார்கள். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 1966இல் காரட் வரம்பு தளர்ந்தாலும், 1968இல் சட்டமாகவே வந்து 1990இல்தான் நீங்கியது. அதைத் தாண்டிய வீதிக்கு 2021இல் ஹால்மார்க் கட்டாயமும், 2023 ஏப்ரல் முதல் ஆறு எழுத்து அடையாள எண்ணும் பெரிய சுமையாகத் தெரியவில்லை. சிறு பட்டறைக்காரர்களுக்கு மட்டும் அலைச்சல் கூடியிருக்கிறது. கோவலன் சிலம்பில் அப்படி ஓர் எண் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கல்லுப்பட்டியில் இருந்து பார்க்கும்போது

நம் ஊரிலேயே காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. 1940இல் தொடங்கியது. பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தது அங்கேதான். 1960 ஜனவரி 30இல் காலமானார். லண்டனில் கணக்குப் படித்து, பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தி, 1929இல் காந்தியைச் சந்தித்து மாறியவர். வாங்குகிறவனுக்கு விலை மட்டுமல்ல, அந்தப் பொருள் எப்படி உண்டானது என்ற பொறுப்பும் உண்டு என்று எழுதியவர். அவர் நமக்கு வசதியான ஆள் அல்லர். தூரத்து மில்லில் செய்த பண்டத்தை மாசி வீதியிலிருந்து கொண்டுவந்து கிராமத்தில் விற்பதை அவர் மெச்சியிருக்க மாட்டார். ஆனால் அவர் கேட்ட கேள்வி இப்போது வேறு வழியாக நம்மிடம் வந்து நிற்கிறது.

இன்று சோப்பு, பிஸ்கட், எண்ணெய்ப் பாக்கெட் எல்லாம் கம்பெனி வேனிலேயே கடை வாசலுக்கு வருகின்றன. செல்போனில் ஆர்டர் போட்டால் மறுநாள் இறங்குகிறது. பஸ் செலவில்லை, ஏற்றுகூலி இறக்குகூலி இல்லை. இதை வேண்டாம் என்று சொல்ல எவராலும் முடியாது. ஆனால் வேன்காரருக்கு ரொக்கம் வேண்டும், அல்லது சொன்ன தேதியில் பணம் வேண்டும். மழை பொய்த்து, நம் மானாவாரி நிலத்தில் பருத்தியும் சோளமும் கைவிட்ட ஆண்டில், "அடுத்த மாசம் பார்த்துக்கலாம் அண்ணாச்சி, சரக்கைக் கொண்டு போங்க" என்று சொல்லக்கூடியவர் கீழமாசி வீதியில்தான் இருந்தார். நம் பற்று வரவுப் பேரேட்டில் அவர் பெயருக்கு ஒரு பக்கம் இருந்தது. அவர் கொடுத்த தவணையைத்தான் நாம் விவசாயிக்குக் கொடுத்தோம். அந்தப் பக்கத்தில் வரவு வைக்காமல் மூன்று வருடம் போனால், நான்காவது வருடம் நேரில் போய்க் கேட்கும் உரிமை நமக்கு இருக்குமா?

மாசி வீதியும் முன்போல் இல்லை. காய்கறிச் சந்தை கோயில் பக்கத்திலிருந்து மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டது. சித்திரை வீதிகளில் வாகனம் போக முடியாது. ஸ்மார்ட் சிட்டி வேலைக்காக வீதிகளைத் தோண்டிப்போட்ட மாதங்களும், 2020 ஊரடங்கும் அடுத்தடுத்து வந்து மொத்த வியாபாரிகளையும் முடக்கின. இருந்தாலும் திருமண ஜவுளிக்கும், தாலிக்கும், சீர்ப் பாத்திரத்துக்கும் நம் ஊர் மக்கள் இன்றும் மதுரைக்கே போகிறார்கள். வீட்டுக்காரர் கூடவே பழகிய கடைக்காரர் ஒருவரையும் அழைத்துப் போகும் வழக்கம் கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் இன்னும் இருக்கிறது. அப்படிப் போகிறவர்கள் தையலுக்கும் சுவாமி வஸ்திரத்துக்கும் புதுமண்டபத்தில் தேட வேண்டாம். குன்னத்தூர் சத்திரம் எங்கே என்று கேட்டால் எழுகடல் தெருப் பக்கம் எவரும் காட்டுவார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு வேண்டியதை மாசி மாதமே சொல்லிவைத்துவிடுவது நல்லது.