இரு செயலிகளின் ஒப்புநோக்கு

கணினி வாங்கப் புகும் மாணவர் பலர், செயலியின் துடிப்பு வேகத்தைக் குறிக்கும் எண் ஒன்றனையே நோக்கி, எண் பெரிதாயின் பொறியும் சிறந்ததெனக் கொள்கின்றனர். அங்ஙனங் கொள்ளுதல் எத்துணைப் பொருந்தும் என்பதை, ஒரே நிறுவனத்தார் இயற்றிய இரு செயலிகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

ஏ.எம்.டி. நிறுவனத்தார் 2020-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ரைசன் 7 5800எக்ஸ் என்னுஞ் செயலியையும், 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ரைசன் 7 5800எக்ஸ்3டி என்னுஞ் செயலியையும் வெளியிட்டனர். இரண்டும் ஸென் 3 என்னும் ஒரே அமைப்பின. ஒவ்வொன்றினும் கணக்கிடும் உட்கருக்கள் எட்டு. வெளிவந்த காலத்து விலையும் ஒன்றே, 449 டாலர். வேற்றுமை இரண்டிடத்து உளது. முன்னதன் உச்சத் துடிப்பு 4.7 கிகாஹெர்ட்ஸ், அஃதாவது நொடிக்கு 470 கோடி. பின்னதன் உச்சத் துடிப்பு 450 கோடி. செயலிக்குள்ளேயே அமைந்த கேஷ் என்னும் அண்மை நினைவகம் (மூன்றாம் நிலை), முன்னதில் 32 மெகாபைட். பின்னதிலோ 96 மெகாபைட். 64 மெகாபைட் அளவுள்ள தனிச் சிலிக்கான் தகடொன்று, மாடிமேல் மாடி எடுத்தாற்போல, அதன்மேல் அடுக்கப்பட்டுள்ளது.

எண்ணை மட்டும் நோக்குவார்க்கு முன்னதே விரைவுடையதெனத் தோன்றும். ஆயினும் விளையாட்டுகளிற் பலவற்றில் பின்னதே முந்துகின்றது. இதற்குக் காரணம் யாது?

சமையலறையை நினைமின். கைவிரைவு மிக்க ஒருவர், கடுகிற்கும் சீரகத்திற்கும் கடைத்தெருவிற்கு ஓட நேரின், அவ்விரைவால் பயன் என்னை? அஞ்சறைப் பெட்டியை அருகில் வைத்திருப்பவர், கை சற்று மெதுவாயினும், முன்னரே சமைத்து முடிப்பார். கேஷ் அஞ்சறைப் பெட்டி. ராம் என்னும் முதன்மை நினைவகம் கடைத்தெரு. மூன்றாம் நிலைக் கேஷிலிருந்து ஒரு செய்தியைப் பெற ஏறக்குறைய 50 துடிப்புகள் போதும். ராமிலிருந்து பெறவோ சில நூறு துடிப்புகள் வேண்டும். அக்காலமெல்லாம் உட்கரு பெரும்பாலும் வாளாவிருக்கும்.

விளையாட்டில் நொடிக்கு 60 படங்கள் தோன்ற வேண்டுமாயின், ஒரு படத்திற்குக் கிடைப்பது 17 மில்லிநொடிக்குங் குறைவே. அதற்குள் ஒவ்வோர் உருவின் நிலையையும் இயக்கத்தையும் செயலி கணித்தாக வேண்டும். அச்செய்திகளோ நினைவகத்திற் பலவிடத்துஞ் சிதறிக் கிடப்பன. அடுத்து எது வேண்டப்படும் என்று முன்னறிந்து கொணர்தல் அரிது. ஆதலின் அண்மை நினைவகம் பெரிதாகப் பெரிதாகக் காத்திருக்குங் காலம் குறைகின்றது.

ஆயின் பின்னது எல்லா வினைக்குஞ் சிறந்ததோ எனின், அன்று. முப்பரிமாணப் படம் தீட்டுதல் போன்ற வினைகளில் செய்திகள் பெரும்பாலும் 32 மெகாபைட்டிலேயே அடங்கும், அல்லது வரிசையாக வந்துசேரும். ஆண்டுத் துடிப்பு மிக்க முன்னதே முந்தும். அடுக்கிய தகடு வெப்பம் வெளியேறுதற்கு இடையூறாகும்; மிக்க மின்னழுத்தத்தையும் தாங்காது. துடிப்பைக் குறைத்தது இதுபற்றியே. இன்னுமொன்று: மிக நுண்ணிய 4கே திரையில் ஆடுங்கால் சுமை முழுவதும் கிராபிக்ஸ் கார்டின்மேல் விழுதலின், இரு செயலிகளின் வேற்றுமையும் பெரும்பாலும் மறைந்துபோம்.

இவ்வினா பழையதாகி ஒழிந்ததன்று. 2024-ஆம் ஆண்டில் வெளிவந்த 9700எக்ஸ், 9800எக்ஸ்3டி என்பனவும் இவ்வாறே வேறுபடுகின்றன. பின்னதில் நினைவகத் தகடு உட்கருக்களின் கீழே வைக்கப்பட்டமையால் வெப்பத்தடை பெரிதும் நீங்கிற்று. ஆயின் வெளிவந்த விலை முன்னதற்கு 359 டாலர், பின்னதற்கு 479. அந்த 120 டாலர் வேற்றுமை, பெற்றோர் பொருளாற் கணினி வாங்கும் மாணவர்க்குச் சிறிதன்று.

ஆதலின், நண்பர்காள், எது விரைவானது என்று வினவுதற்குமுன், எவ்வினைக்கு என்று வினவுமின். விளையாட்டே முதன்மையாயின் பெரிய கேஷ் நன்று. பிற வினையாயின் விலை குறைந்ததே சாலும்.