வராத பஸ், வந்தால் மூன்று!

பெங்களூர்–ஓசூர் சாலையிலிருந்து ஆனேக்கல் சாலை பிரியும் சந்தாபுரா சந்திப்பில் நிற்பவர்களுக்கு இரண்டு வருத்தங்கள். முக்கால் மணி நேரம் வராத பஸ், வந்தால் மூன்றாகச் சேர்ந்து வரும். காலையில் பெருக்கிய மூலை, மாலையில் மறுபடி குப்பைமேடு. முதலாவதற்கு டிரைவரைத் திட்டுவோம், இரண்டாவதற்கு நகராட்சியை. ஆனால் இரண்டையும் ஆட்டுவிப்பது ஒரே கணக்கு.

பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். நிறுத்தத்துக்கு நிமிடத்தில் 2 பேர் வருகிறார்கள், ஒருவர் ஏற 3 நொடி என்று வைத்துக்கொள்வோம். நேரத்துக்கு வரும் பஸ்ஸில் 20 பேர் 60 நொடியில் ஏறிவிடுவார்கள். சிக்னலில் 2 நிமிடம் மாட்டிய பஸ்ஸுக்கோ 24 பேர் காத்திருப்பார்கள்; 72 நொடி. கூடுதல் 12 நொடிதானே? அடுத்த நிறுத்தத்தில் அந்த 12 நொடிக்கும் சேர்த்துக் கூட்டம் கூடியிருக்கும். நிறுத்தத்துக்கு 10 சதவீதம், வட்டிக்கு வட்டி. ஏழு நிறுத்தம் தாண்டுவதற்குள் தாமதம் ஏறத்தாழ இரட்டிப்பு.

பின்னால் வரும் பஸ்ஸுக்கு நேரெதிர். முன்வண்டி கூட்டத்தை வாரிக்கொண்டு போய்விட்டதால் ஏற ஆளில்லை. அது விரைந்து வந்து முன்னதன் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. முன்னதில் படிக்கட்டுத் தொங்கல், பின்னதில் ஜன்னலோர சீட் காலி! நியூவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1964இல் இதைக் கணிதமாக எழுதிக் காட்டினார்கள். சம இடைவெளி என்பது கவிழ்த்த கிண்ணத்தின் உச்சியில் வைத்த கோலிக்குண்டு.

விளைவே தன் காரணத்துக்குத் தீனி போடும் இந்தச் சுழலுக்கு ‘நேர்ப் பின்னூட்டம்’ என்று பெயர். குப்பை மூலையிலும் இதே சுழல்தான். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நிறுத்தியிருந்த சைக்கிள்களில் ஆய்வாளர்கள் துண்டு நோட்டீஸ் மாட்டிவைத்தார்கள். அருகே குப்பைத்தொட்டி இல்லை. எதிர்ச்சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதம் பேர் நோட்டீஸைக் கீழே போட்டார்கள். சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69 சதவீதம். 2008இல் வெளிவந்த ஆய்வு இது. யாரோ விதியை மீறிய தடயம், அடுத்தவருக்கு அனுமதிச் சீட்டு. முதல் பை இரண்டாவது பையைக் கூப்பிடுகிறது.

பெங்களூரில் ‘பிளாக் ஸ்பாட்’ எனப்படும் இத்தகைய மூலைகளைச் சுத்தம் செய்து ரங்கோலி போட்டுப் பார்த்தார்கள். கோலத்தை மிதிக்கவே தயங்கும் ஊரில், அதன்மேல் பையை எறியக் கை கூசும். ஒரு பிடி மாவு கேமராவின் வேலையைச் செய்கிறது! சில நாளைக்குத்தான், குப்பை வண்டி வராத தெருவில் கோலமும் தோற்கும்.

பஸ்ஸுக்கும் மருந்து உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் வளாகத்தில் பார்தோல்டி, ஐசன்ஸ்டைன் என்ற இருவர் கால அட்டவணையையே தூக்கிப்போட்டார்கள். பின்னால் வரும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதற்கேற்ப முன்வண்டி ஒரு நிறுத்தத்தில் காத்திருக்கும். இடைவெளி தானே சீராகும். 2012இல் இதை வெளியிட்டார்கள்.

2025 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் வேறு வழியில் தப்பிக்கிறது. ஓட்டுநர் இல்லாமலும் ஓடக்கூடிய ரயில். இடைவெளியைக் கணினி பார்த்துக்கொள்ளும். ஆறு பெட்டிகளில் 24 கதவுகள். ஆளுக்கு 3 நொடி என்பது 24இல் பிரிந்தால் எட்டில் ஒரு நொடி! வட்டிவிகிதம் 10 சதவீதத்திலிருந்து அரை சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

ஆனால் தடம் பொம்மசந்திராவோடு முடிகிறது. சந்தாபுராவுக்கு மிச்சமுள்ள தூரத்துக்கு மறுபடி பஸ்தான். பிதுங்கி வழிந்து ஒன்று வந்தால் உடனே முண்டியடிக்காதீர்கள். அதன் முதுகுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.