பெரும்பாணாற்றுப்படையில் காட்டு விலங்கும் வழிப்பகையும்

காட்டில் தனித்து விடப்பட்ட ஒருவன் உயிர்பிழைத்து மீள்வதைப் பொருளாகக் கொண்ட கணிப்பொறி விளையாட்டுகளை இக்கால மாணவர் பெரிதும் விரும்புகின்றனர். அவற்றுட் பலவற்றில் விலங்கு ஆளைக் கண்ட அளவிலே பாயும், பகைவனும் அத்தகையனே. காட்டின் இயல்பு அன்னதன்று. காஞ்சி மன்னன் தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, 500 அடிகளிற் பாணனொருவனைச் சுரத்தின் வழியே கச்சி மாநகர்க்குச் செலுத்துவது. அதன்கண் விலங்கும் பகையும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை ஈண்டு நோக்குவாம்.

நூலின் தொடக்கத்திலேயே ஓர் ஐயம் எழும். திரையன் நாட்டில் ஆறலைகள்வர் இல்லை, இடி முழங்குவதில்லை, பாம்பு கொல்வதில்லை, காட்டு விலங்கும் துன்பம் செய்வதில்லை என்கிறார் புலவர். இதனை மட்டும் கொண்டு இவர் காடறியாதவர் என்று முடிவு செய்தல் பொருந்துமா? பொருந்தாது என்பதே எம் கருத்து. கள்வர் இன்மைக்குக் காரணத்தைச் சற்றுப் பின்னர் அவரே புலப்படுத்துகின்றார். மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு வணிகர் செல்லும் சுங்கப் பெருவழியில், வழிகள் கிளைக்கும் இடந்தோறும் வில்வீரர் காவல் இருக்கின்றனர். பகைவன் நல்லவனாகிவிடவில்லை, அவன் மறைந்து நிற்றற்குரிய இடத்தைக் காவலர் முன்னரே கொண்டுவிட்டனர்.

விலங்கைப் பற்றிய அறிவு எயினர் வேட்டையில் விளங்குகின்றது. மழை பொய்த்த காலம். மானடி பதிந்த வழிகளின் பக்கத்தே நீருண்ண வரும் விலங்கிற்காகத் தோண்டிய குழியுள் வேட்டுவன் நள்ளிரவில் ஒடுங்கியிருக்கின்றான். அவன் பன்றியைத் துரத்துவதில்லை. வேனிலில் அது நீரை நாடும் என்பதும், இரவில் இயங்கும் என்பதும் அவன் அறிந்தவை. ஆதலின் காத்திருக்கின்றான். இரவு வேட்டை வாய்க்காவிடின் பகலில் நாய்களுடன் சென்று, புதர்களை அடித்து, வலைகளைத் தொடர்ந்து கட்டி, குறுமுயலைத் தப்ப வழியின்றி வளைக்கின்றான். பன்றிக்குப் பொறுமை, முயலுக்கு வளைப்பு: ஒவ்வொரு விலங்கின் இயல்பே வேட்டையின் முறையை வகுக்கின்றது.

மலைபடுகடாம் இதனினும் வெளிப்படையாக எச்சரிக்கும். புனத்தை அழிக்கும் பன்றிக்கு அஞ்சி, அது நுழையும் வழிகளிற் கல்லடார் என்னும் பொறியைக் கானவர் வைத்திருப்பர். ஆகலின் இருளிற் செல்லாது விடிந்தபின் செல்க என்பது அங்குள்ள அறிவுரை. பன்றிக்கென வைத்தது கூத்தனுக்கும் கூற்றாகும். பெரும்பாணாற்றுப்படை இத்தகைய அச்சத்தைப் பாணனுக்குக் கூறாமை மன்னன் புகழ் கருதியே எனலாம்.

கச்சியை அணுகிய பின்னும் புலவர் விலங்கை மறந்தாரல்லர். சோலையில் யானைக்கு நெய் வார்த்து மிதித்த கவளம் இருக்கின்றது. முதிர்ந்த சூலுடைய மந்தி ஒன்று பாகர் அயரும் நொடியை நோக்கியிருந்து, அதனைக் கவர்ந்து செல்கின்றது.