வழவழப்பின்மேல் வண்ணம்

நம் இல்லங்களில் உள்ள மேசை, அலமாரி முதலிய பொருள்கள் பலவற்றின் மேற்புறம் மரம் போலத் தோன்றினும் மரம் அன்று. விரலால் தடவினால் கண்ணாடி போல் வழுக்கும் அப்பரப்பை லாமினேட் என்பர். 'சன்மைக்கா' என்னும் வணிகப் பெயரே மக்கள் வழக்கில் அதற்குப் பொதுப் பெயராகிவிட்டது. ஆண்டுகள் பல சென்றதும் அதன் நிறம் மங்குகிறது. பொருளோ உறுதி குன்றாமல் இருக்கிறது. அதை எறிந்துவிட்டுப் புதியது வாங்குவதை விட, வண்ணம் பூசிப் பயன்படுத்துவது சிக்கனம். ஆனால் எந்த வண்ணம் நிலைக்கும்?

இதற்கு விடையை நான் கற்றது ஒரு தோல்வியின் வாயிலாகத்தான். என் மகள் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஆண்டில், அவளுடைய பழைய மேசைக்குப் புத்துருவம் தர எண்ணினேன். சுவருக்குப் பூசி மிஞ்சியிருந்த எமல்ஷன் வண்ணத்தை எடுத்து இருமுறை பூசினேன். மேசை பளிச்சென்று விளங்கியது. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் காலை, அவள் இரவெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்த நோட்டைத் தூக்கினாள். வண்ணம் தோல் போல உரிந்து அட்டையோடு வந்தது. கடைசித் தாள்கள் இரண்டும் கிழிந்தன. அவள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "சுவரில் நிற்கும் வண்ணம் மேசையில் ஏன் நிற்கவில்லை, அப்பா?" என்று மட்டும் கேட்டாள். மாணவ நண்பர்களே, அக்கேள்வியே இன்றைய பேச்சுக்குப் பொருள்.

முதலில் லாமினேட் என்பது யாது எனக் காண்போம். 1912ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், ஹெர்பர்ட் ஃபேபர், டேனியல் ஓ'கோனர் என்னும் இரு பொறியாளர்கள், மின்கருவிகளில் காப்புப் பொருளாகப் பயன்பட்ட அப்பிரகத்துக்கு மாற்று ஒன்றைத் தேடினர். ஆங்கிலத்தில் அப்பிரகம் 'மைக்கா' எனப்படும். 'மைக்காவுக்குப் பதிலாக' என்னும் பொருள்படத் தம் கண்டுபிடிப்புக்கு அவர்கள் 'ஃபார்மைக்கா' எனப் பெயரிட்டனர். பெயரில் அப்பிரகம் உண்டு, பொருளில் இல்லை.

இன்றைய லாமினேட்டின் உள்ளே இருப்பது காகிதம். பழுப்புக் காகிதத் தாள்கள் பலவற்றை ஃபீனால் பிசினில் தோய்த்து அடுக்கி, அதன்மேல் மெலமின் பிசினில் தோய்த்த வண்ணத்தாள் ஒன்றை வைத்து, மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒன்றாக்குகின்றனர். அப்போது பிசினின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வலைபோல் பின்னிக்கொள்கின்றன. அதன்பின் அப்பொருள் சூட்டில் உருகுவதில்லை; வண்ணங்களில் உள்ள கரைப்பான்களில் கரைவதும் இல்லை.

வண்ணம் ஒரு பரப்பைப் பற்றிக்கொள்ள வழிகள் இரண்டு. சுவரிலும் மரத்திலும் நுண்துளைகள் உண்டு. வண்ணம் அவற்றினுள் புகுந்து வேர் போலப் பிடித்துக்கொள்கிறது. லாமினேட்டில் அத்தகைய துளைகள் இல்லை. இரண்டாம் வழி, மூலக்கூறுகளுக்கிடையே உள்ள கவர்ச்சி. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் கிடைக்கும் நுண்ணிய தொலைவில்தான் அக்கவர்ச்சி வலிமை பெறும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப்படலம் ஒன்று இடையில் புகுந்தாலும் பிடிப்புப் போய்விடும். தாமரையிலைத் தண்ணீர் போல ஒட்டியும் ஒட்டாமலும் இருப்பதே அத்தகைய பூச்சின் நிலை.

என் மேசையில் நேர்ந்த பிழை இதனோடு நிற்கவில்லை. சுவர் எமல்ஷனின் படலம் மென்மையானது. வெப்பத்திலும் பாரத்திலும் அது மேலும் இளகித் தன்மேல் வைத்த பொருளைப் பற்றிக்கொள்ளும். கீழே பிடிப்பு இல்லை, மேலே பசை. நோட்டு வண்ணத்தை உரித்தெடுத்ததில் வியப்பில்லை.

இனி, செய்ய வேண்டுவன யாவை? முதலாவது, சோப்புத்தூள் கரைத்த நீரால் பரப்பை நன்கு கழுவி, தூய நீரால் துடைத்து உலரவிட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் எண்ணெயைக் கீறல்களுக்குள் தேய்த்தவராவோம். அடுத்து, 180 அல்லது 220 எண்ணுள்ள உப்புத்தாளால் பளபளப்பு மறையும் அளவுக்கு மட்டும் மெல்லத் தேய்க்க வேண்டும். வண்ணத்தாள் மிக மெல்லியது. அழுத்தித் தேய்த்தால் உள்ளிருக்கும் பழுப்புத்தாள் வெளிப்பட்டுவிடும். பின்னர்த் தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுத்து உலரவிட வேண்டும்.

மூன்றாவது அடிப்பூச்சு, அதாவது பிரைமர். மரத்துக்குரிய சாதாரணப் பிரைமர் இங்கே போதாது. வழவழப்பான பரப்பைப் பற்றுவதற்கென்றே செய்யப்பட்டதைக் கேட்டு வாங்க வேண்டும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைக் கொண்ட பிரைமர் இவ்வகையில் புகழ்பெற்றது. மரங்களில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசினே அரக்கு. பாரதக் கதையில் அரக்கு மாளிகை தீப்பற்றியதை அறிவீர்கள். ஸ்பிரிட்டும் எளிதில் தீப்பற்றும். ஆகவே அடுப்புக்கு அருகில் இப்பணி ஆகாது.

நான்காவதாக மேற்பூச்சு. டிஸ்டெம்பர் கைபட்டால் பொடியாக உதிரும். சுவர் எமல்ஷனின் குறையை முன்பே கண்டோம். மேசைக்கும் அலமாரிக்கும் ஏற்றது எனாமல். எண்ணெய் கலந்த ஆல்கிட் எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகிக் கடினமாகும். ஆனால் வெண்மை நிறம் இருண்ட அலமாரியினுள் மெல்ல மஞ்சளாகும். நீரில் கலக்கும் யூரிதேன் எனாமலில் மஞ்சளும் நாற்றமும் குறைவு. இரு கூறுகளைக் கலந்து பூசும் பாலியூரிதேன் இவற்றினும் உறுதியானது. எனினும் அதன் இறுக்கியில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குத் தீங்கு செய்யுமாதலால், தக்க முகக்காப்புடைய தொழிலாளரிடமே அதை விட்டுவிடுதல் நலம்.

எதைப் பூசினும் ஒரு தடித்த பூச்சினும் இரு மெல்லிய பூச்சுகளே மேல். தடித்த பூச்சின் மேற்புறம் மட்டும் உலர்ந்து உட்புறம் ஈரமாகவே நின்றுவிடும். மழைக்காலத்தில் பூசாதிருப்பது நன்று. மேலும், உலர்தல் வேறு, இறுகுதல் வேறு. சில மணி நேரத்தில் விரலில் ஒட்டாத எனாமல், முழுதும் இறுக மூன்று நான்கு வாரங்கள் ஆகலாம். அதுவரை மேசைமேல் பாரம் ஏற்றலாகாது.

பூச்சு பிடித்ததா என அறிய ஓர் எளிய சோதனை உண்டு. முன்பே மறைவான மூலை ஒன்றில் பூசிப் பார்த்து, நன்கு இறுகிய பின், கூரிய கத்தியால் நெடுக்கில் ஆறும் குறுக்கில் ஆறுமாகக் கோடுகள் கீறுக. 25 சிறு கட்டங்கள் கிடைக்கும். அவற்றின்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி வெடுக்கென இழுங்கள். கட்டங்கள் நாடாவோடு வந்தால் முன்வேலையில் குறை உண்டு என்பது பொருள். ஆய்வுக்கூடங்களிலும் இம்முறையே கையாளப்படுகிறது.

வண்ணத்தில் ஈயம் இருக்கலாகாது என்பதையும் மறவாதீர்கள். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் பகை. இந்தியாவில் 2017 நவம்பர் முதல் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்பது விதி. டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்த பின்னரே வாங்குங்கள்.

எல்லாப் பொருளையும் வண்ணத்தால் காப்பாற்றிவிட முடியாது. நீர் புகுந்து உள்பலகை உப்பிய மேசைக்கு வண்ணம் மருந்தாகாது. சூடான பாத்திரம் வைக்கும் சமையல் மேடைக்கு, மெலமினுக்கு நிகரான வீட்டுப்பூச்சு இல்லை. அதைப் பூசாமல் விடுவதே அறிவுடைமை.

தேர்வு முடிந்த கோடையில் நானும் என் மகளும் அம்மேசையைச் சுரண்டி, கழுவி, தேய்த்து, முறைப்படி மீண்டும் பூசினோம். தேய்ப்பதற்கு ஒரு நாள் முழுதும் ஆயிற்று. பூசுவதற்கு ஒரு மணி நேரமே ஆயிற்று. அவள் கல்லூரிப் படிப்பையும் அதே மேசையில் முடித்தாள், வண்ணம் உரியவில்லை.